எழுபது வளைவுகளும் இரண்டு புல்லட்டுகளும்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குச் செல்லும் சாலை, காரவள்ளி என்ற அடிவார ஊரில் சமவெளியிடம் விடைபெற்றுக்கொள்கிறது. அதற்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை. மார்கழி மாதத்தில் ஒரு நாள், பனி இன்னும் விலகாத காலை வேளையில், அந்த முதற்பலகைக்குச் சற்று முன்னால் ஒரு தேநீர்க் கடையின் வாசலில் இரண்டு புல்லட் வண்டிகள் அருகருகே நின்றுகொண்டிருந்தன. ஒன்று நான் 1986-ஆம் ஆண்டு வாங்கி இன்றளவும் ஓட்டிவரும் வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி; மற்றொன்று என் தமக்கையின் மகன் வைத்திருக்கும் 2023-ஆம் ஆண்டின் புதிய தலைமுறை வண்டி. இரண்டுக்கும் கறுப்பு நிறம். இரண்டின் பெட்ரோல் டாங்கிலும் பொன்னிறக் கோடு. முகப்பு விளக்குக்கு இருபுறமும் புலியின் கண்களைப் போன்ற அதே இரு சிறு விளக்குகள். தேநீர் கொண்டுவந்து கொடுத்த கடைக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே வண்டிதானுங்களே?" என்றார்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. புறத்தோற்றத்தைச் சிறிதும் சிதைக்காமல் வைத்துக்கொண்டு, அகத்தே உள்ள யந்திரத்தை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை அடியோடு மாற்றிவிடுகிற இந்த வழக்கத்தினால் பிரயாணி அடைந்த லாபம் என்ன, இழந்தது என்ன என்பதை, கொல்லிமலைச் சாலையையே உரைகல்லாகக் கொண்டு ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புல்லட் என்ற பெயர் 1932-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்தில் பிறந்தது. எல்லைக் காவலுக்கு ஏற்ற வண்டியென்று இந்திய ராணுவம் அதை விரும்பிக் கேட்டதன் பயனாக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தோற்றுவித்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைத்தது. முதலில் பாகங்களை வரவழைத்துப் பூட்டிக்கொண்டிருந்தவர்கள், சில ஆண்டுகளுக்குள்ளாகவே அச்சுகளையும் கருவிகளையும் பெற்று, வண்டி முழுவதையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1967-இல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது; தாய்வீடு பூட்டிக் கிடக்க, புகுந்த வீட்டில் குலம் தழைத்தது என்று சொல்லலாம். 1977-இல் திருவொற்றியூர் வண்டிகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின. ஆகவே புல்லட்டை நம் நாட்டு வண்டி என்று உரிமை கொண்டாடுவதில் பிழை ஒன்றும் இல்லை.

பழைய வண்டியின் குணங்களை அறிய வேண்டுமானால், அதைக் கிளப்பும் முறையிலிருந்து தொடங்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் விளக்கின் மேலுள்ள ஆம்பியர் மீட்டரின் முள் ஒரு பக்கமாகச் சாயும். கிக்கரை மெல்ல மெல்லக் காலால் அழுத்திக்கொண்டே போனால், ஒரு கணத்தில் அந்த முள் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் மேலேறி நிற்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இடக்கையால் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, பிஸ்டனை உச்சியிலிருந்து ஒரு மயிரிழை கடத்தி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் பாரம் முழுவதையும் ஒரே மிதியில் இறக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் திருப்பி உதைத்துக் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிடும். முறையோடு செய்தாலோ, குளிர்ந்த காலையிலும் முதல் மிதியிலோ இரண்டாம் மிதியிலோ எழுந்துவிடும். யந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒவ்வொரு நாளும் காலையில் அறிந்துகொண்ட பிறகே அதன் மேல் ஏறி உட்காருகிறோம் என்பது இதன் விசேஷம்.

மலையேற்றத்தில் இந்த எஞ்சினின் சுபாவம் நன்கு விளங்கும். 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் வீச்சு, 346 சி.சி. கொள்ளளவு; திறனோ ஏறக்குறைய 18 குதிரை மட்டுமே. ஆனால் நீண்ட வீச்சும் கனத்த ஃப்ளைவீலும் சேர்ந்து, மிகக் குறைந்த சுழற்சியிலேயே இழுவையைத் தருகின்றன. வளைவின் உட்புறத்தில் வேகம் நடைவேகத்துக்குச் சற்று மேலாகக் குறைந்துபோனாலும், இரண்டாவது கியரிலேயே ஒவ்வொரு அடியையும் எண்ணுவதுபோல ஒலித்துக்கொண்டு மேலேறிவிடுகிறது. புதிய எஞ்சினைச் செய்தவர்கள் இந்தக் குணத்தை மறந்துவிடவில்லை என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 349 சி.சி.; 72 மில்லிமீட்டர் துளை, 85.8 மில்லிமீட்டர் வீச்சு, 20.2 குதிரைத் திறன். 27 நியூட்டன் மீட்டர் இழுவை, அதுவும் 4,000 சுழற்சியிலேயே. அரை நூற்றாண்டு கடந்தும் திறனை இரண்டு குதிரை மட்டுமே கூட்டியிருக்கிறார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. வளைவுக்கு வளைவு நூறு, இருநூறு அடி தூரமே நேர்ச்சாலை கிடைக்கிற இந்த மலையில் அதற்கு மேற்பட்ட திறன் எங்கே செலவாகும் என்று அவர்கள் யோசிப்பது நல்லது.

இதே நிறுவனம் 2016-இல் வெளியிட்ட ஹிமாலயனையும், அதற்கு மாற்றாக 2023-இல் வந்த 452 சி.சி. ஹிமாலயனையும் ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். முந்தையது 411 சி.சி., காற்றாலும் எண்ணெயாலும் குளிர்வது, 24.5 குதிரைத் திறன், ஐந்து கியர். பிந்தையது நீரால் குளிர்வது, ஏறக்குறைய 40 குதிரைத் திறன், ஆறு கியர். நாற்கரச் சாலையில் பிந்தையதற்கு முந்தையது நிகராகாது. ஆனால் புதியதன் முழு இழுவை 5,500 சுழற்சியில் பிறப்பதனால், நெருங்கிய வளைவுகளில் கியரைத் தாழ்த்தி எஞ்சினை விழிப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். பழையதோ தன்போக்கில் ஏறும்.

எனினும் பிரயாணம் என்பது மலை மட்டும் அன்று. மலைக்குப் போய்ச் சேரும் சாலையும் பிரயாணமே. சென்னையிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர் வழியாகக் கொல்லிமலைக்கு வருபவன் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் வண்டியின் மீது உட்கார்ந்திருக்க வேண்டும். பழைய புல்லட்டில் மணிக்கு எழுபது கிலோமீட்டரைத் தாண்டினால், கைப்பிடியும் கால்மிதியும் நடுங்கும் நடுக்கத்தில் விரல்கள் மரத்துப்போகின்றன. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி இரண்டாகத் தெரிகிறது. 2008-இல் வந்த இடைத்தலைமுறை எஞ்சின், கியர்ப்பெட்டியை எஞ்சினோடு ஒன்றாக இணைத்து, எண்ணெய்க் கசிவைப் பெரிதும் அடக்கி, டாப்பெட் சரிசெய்யும் வேலையை ஒழித்தது. நடுக்கத்தை மட்டும் ஒழிக்கவில்லை. 2020-இல் தொடங்கிய தலைமுறையில்தான் எதிரெடைத் தண்டு ஒன்றை உள்ளே சுழலவிட்டு அதையும் தணித்தார்கள். என் மருமகன் ஆத்தூரில் இறங்கியபோது அவன் கைகள் கைகளாகவே இருந்தன. நடுக்கத்தில்தான் புல்லட்டின் ஆத்மா இருக்கிறது என்று வாதிடுகிற நண்பர்கள் எனக்கு உண்டு. இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகு அந்த அபிப்பிராயத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி, இறக்கம். மலைச்சாலைக்கு ஏற்ற வண்டி எது என்று என்னைக் கேட்டால், ஏறுவதைப் பற்றி நான் பேசமாட்டேன். மூச்சு வாங்கியாவது எல்லா வண்டிகளும் ஏறிவிடும். ஆனால் எழுபது வளைவுகளிலும் கேட்ட இடத்தில் நிற்கிற வண்டியே மலை வண்டி. பழைய புல்லட்டின் முன்சக்கரத்தில் இருப்பது 7 அங்குல டிரம் பிரேக். மூடிய கலத்துக்குள்ளே உராய்வதால் சூடு வெளியேற வழியில்லை. இருபது, முப்பது வளைவுகள் இறங்குவதற்குள் டிரம் விரிந்து, கட்டைகள் பிடிப்பை இழந்து, லீவர் முன்னைவிட ஆழமாக இறங்கத் தொடங்கும். பழகியவன் ஏறிய கியரிலேயே இறங்கி, எஞ்சினையே பிரேக்காக்கிக்கொள்வான். பழகாதவன் என்ன செய்வான்? போதாததற்குப் பழைய வண்டியில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கின்றன. இன்றைய வண்டிகளில் கற்றுக்கொண்ட ஒருவன் அவசரத்தில் வலக்காலை அழுத்தினால் பிரேக்குக்குப் பதிலாகக் கியர்தான் மாறும்.

புதிய வண்டியின் முன்சக்கரத்தில் 300 மில்லிமீட்டர் டிஸ்க். காற்றில் திறந்து கிடப்பதால் சூடு தங்குவதில்லை. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி காக்கும் ஏ.பி.எஸ். ஏற்பாடு வேறு. அன்னாசியும் வாழைத்தாரும் ஏற்றிய லாரியோ, வளைவை முழுவதும் அடைத்துக்கொண்டு திரும்பும் பேருந்தோ எதிரே வரும்போது, நனைந்த பலா இலைகளும் மணலும் கிடக்கிற ஓரத்தில் பின்னிருக்கையில் ஒருவரை வைத்துக்கொண்டு சட்டென்று நிற்க வேண்டிய கட்டாயம் கொல்லிமலையில் சர்வ சாதாரணம். அந்தக் கணத்தில் மரபும் அழகும் துணைக்கு வரமாட்டா. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம் என்ற விதி, புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும் மற்றவற்றுக்கு 2019 ஏப்ரலிலும் நடைமுறைக்கு வந்தது. இந்த ஒரு விஷயத்தில் பழையதற்காக வாதாட எனக்கு வாய் எழவில்லை.

ஆனால் தராசின் மறுதட்டும் காலியாக இல்லை. மலைமேலுள்ள செம்மேட்டில், வல்வில் ஓரியின் சிலையைத் தாண்டிச் சிறிது தூரத்தில், தகரக் கூரையின் கீழ் ஒரு சிறிய பட்டறை இருக்கிறது. மலைக்குப் போகும்போதெல்லாம், தீப்பொறியை மூட்டும் பிளாட்டின முனைகளை அங்கே ஒருமுறை பார்த்துக்கொள்வது என் பழக்கம். அந்த மெக்கானிக் மூடியைக் கழற்றி, முனைகளில் படிந்த கரியை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளில் ஒரு கீற்றைக் கிழித்து முனைகளுக்கு நடுவே செருகி, எஞ்சினை விரற்கடை விரற்கடையாகச் சுழற்றுவார். தாள் எந்தக் கணத்தில் பிடிவிட்டு நழுவி வருகிறதோ அந்தக் கணமே பொறி பறக்கும் கணம். கண்ணுக்குத் தெரியாத அந்த நொடியை ஒரு தாள் கீற்றால் அளந்துவிடுகிற அந்தச் சாமர்த்தியத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. வேலை முடியக் கால் மணி நேரம். கருவி, ஒரு ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஸ்பேனரும்.

புதிய வண்டியை அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். செயின், பிரேக் பேடு, ஆயில் எல்லாம் தம்மால் ஆகும் என்றார். மீட்டரில் உள்ள எஞ்சின் விளக்கைச் சுட்டிக்காட்டி, "இது எதுக்கு எரியுதுன்னு மட்டும் எங்களுக்குத் தெரிஞ்சாப் போதுங்க ஐயா, மிச்சத்தை நாங்க பார்த்துக்குவோம்" என்றார். அந்த விளக்கின் மொழியைப் படிக்கத் தனிக்கருவி வேண்டும். அது அவரிடம் இல்லை. சில வருஷங்களுக்கு முன், வேறொரு கம்பெனியின் புது வண்டியில் வந்த இளைஞன் ஒருவன், இப்படி எரிந்த ஒரு விளக்கின் காரணமாக, சிறு சரக்கு வண்டியில் தன் வாகனத்தைக் கயிற்றால் கட்டி நாமக்கல்லுக்கு இறக்கிக்கொண்டு போனதை நான் பார்த்தேன். கோளாறு ஒரு மின்கம்பியின் தளர்ந்த இணைப்பு என்று பிற்பாடு தெரியவந்தது.

இதோடு புதிய புல்லட்டில் கிக்கரையும் எடுத்துவிட்டார்கள். பேட்டரி அடியோடு தீர்ந்துவிட்டால், பெட்ரோலைச் செலுத்தும் பம்பும் அதை ஆளும் மின்மூளையும் விழிப்பதில்லை. மலையில் இறக்கத்துக்குப் பஞ்சமில்லாவிட்டாலும் உருட்டிக் கிளப்பும் உபாயம் பலிக்காது.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. பழைய வண்டியை எங்கும் பழுதுபார்க்க முடிந்ததற்குக் காரணம், அது எங்கும் பழுதுபட்டதுதான். பிளாட்டினம் தேயாவிட்டால் தாள் கீற்றுக்கு வேலை இல்லை. பத்து முறை சிறிதாக நின்று பத்து முறையும் கிளம்புகிற வண்டி மேலா, பல்லாண்டுக்கு ஒருமுறை நின்று அன்று முழுவதும் நிற்கிற வண்டி மேலா என்று கேட்டால், பெரும்பாலோர் பின்னதையே விரும்புவார்கள், அது தவறன்று. என் ஆட்சேபம் வேறு. நடுக்கத்தைத் தணிக்கும் தண்டுக்கும், சூடேறாத பிரேக்குக்கும், அளந்து பெட்ரோல் விடும் ஊசிக்கும், அந்த விளக்கின் பொருளை வெளியாருக்கு எட்டாமல் வைத்திருப்பதற்கும் எந்த யந்திர சம்பந்தமும் இல்லை. முன்னவை பொறியியலின் தேவை. பின்னது வியாபாரத்தின் விருப்பம். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து, ஒன்று வேண்டுமானால் மற்றதையும் ஏற்றுக்கொள் என்பதுதான் இந்தப் புதுவழக்கத்தின் பெருங்குறை.

கொல்லிமலையே இதற்கு ஒரு நல்ல உதாரணத்தை வைத்திருக்கிறது. இங்குள்ள மலையாளி என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைத்தார்கள். மரவள்ளி வந்து பரவிய காலத்தில் அவை பின்தங்கியதற்கு, உமி நீக்கக் குத்திக் குத்திப் பெண்கள் பட்ட பாடும் ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்தபோது, உமி நீக்கும் சிறு யந்திரங்களை ஊர்களிலேயே நிறுவினார்கள்; விதைகளையோ ஊர்மக்களின் கையிலேயே விதை வங்கிகளாக வைத்தார்கள். உலக்கையின் சிரமம் குறைந்தது. விதையின் மீதுள்ள அறிவும் உரிமையும் கைமாறவில்லை. யந்திரங்களுக்கும் இத்தகைய உரிமை வேண்டுமென்று, நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையவாசலைத் திறந்து, வாகனங்களையும் அதில் சேர்த்திருக்கிறது. செம்மேட்டுப் பட்டறைக்குள் அதன் பயன் வந்து புகுந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை.

இறங்கும்போது வண்டிகளை மாற்றிக்கொள்ளலாமா என்று மருமகன் கேட்டான். "வேண்டாம்ப்பா, வலக்கால் உன்னை ஏமாற்றிவிடும்" என்று மறுத்துவிட்டேன். அவன், எங்களோடு வந்திருந்த தன் தாயைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு முன்னே போனான். நான் இரண்டாவது கியரில், எஞ்சினைப் பிடித்து நிறுத்திக்கொண்டே, பின்தொடர்ந்தேன். காரவள்ளியில் அவர்கள் தேநீர் குடித்து முடித்திருந்தார்கள். முன்சக்கரத்து டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோனேன். தொடுவதற்கு முன்பே அனல் அடித்தது. அது ஆறும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, ஆம்பியர் மீட்டரின் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெல்ல அழுத்தினேன்.