கேட்டலும் தெளிதலும்: கமலாம்பாள் சரித்திரத்தில் தன்மேம்பாடு

ஆய்வுச் சுருக்கம்

வத்தலக்குண்டு பி.ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ குடும்பக் கதையாகத் தொடங்கி வேதாந்தக் கதையாக முடிகிறது என்பதும், அவ்விரு பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பதும் தமிழ்த் திறனாய்வில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வரும் கருத்துகளாகும். கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்னும் பயிற்சி முறையை அளவுகோலாகக் கொண்டு படித்தால் இரு பகுதிகளையும் பிணைக்கும் இழை புலப்படும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். அதே அளவுகோல் நாவலின் தீராத குறை ஒன்றையும் காட்டுகிறது. முத்துஸ்வாமி ஐயரின் அகவளர்ச்சி, பழிசுமந்த கமலாம்பாளிடம் கேட்கப்படாத ஒரு கேள்வியின்மேல் கட்டப்பட்டுள்ளது என்பதே அது.

திறவுச்சொற்கள்: ராஜம் ஐயர், கமலாம்பாள் சரித்திரம், அபவாதம், தன்மேம்பாடு, கேட்டல், வத்தலக்குண்டு.

முன்னுரை

தன்னைத் தான் சீர்செய்துகொள்ளும் அன்றாடப் பயிற்சி பற்றிய எழுத்து தமிழுக்குப் புதியதன்று. அடக்கமுடைமை, புறங்கூறாமை, மெய்யுணர்தல், கேள்வி முதலிய தலைப்புகளில் குறள் வகுத்த அதிகாரங்கள் அனைத்தும் ஒருவன் தன்னைத் தானே அளந்துகொள்வதற்கு உதவுவன. உரைநடைப் புனைகதை தோன்றிய 19ஆம் நூற்றாண்டில் இப்பொருள் அறிவுரை வடிவிலிருந்து விலகி ஒரு மனிதனின் வாழ்க்கைக் கதையாக மாறியது. அம்மாற்றத்தை முழுமையாக மேற்கொண்ட முதல் தமிழ்ப் புனைகதைகளுள் ஒன்றாகக் கமலாம்பாள் சரித்திரத்தைக் கொள்ளலாம்.

இதற்கு ஆசிரியர் கூற்றே சான்று. நாவலின் முடிவில் ராஜம் ஐயர், கதை சொல்வது தம் முதன்மை நோக்கமன்று என்றும், அமைதியற்ற ஓர் ஆன்மா துன்பங்களுக்கு இடையே போராடி அமைதி அடைவதைக் காட்டுவதே தம் கருத்து என்றும் பொருள்படக் குறிப்பிடுகிறார். ஆகவே தன்மேம்பாடு பற்றிய நூலாக இதனைப் படிப்பது ஆசிரியரின் நோக்கத்திற்கு உடன்பட்டதே. அந்நோக்கம் எவ்வளவு தூரம் நிறைவேறியுள்ளது என்பதே ஆராயத்தக்கது.

ஆசிரியரும் களமும்

ராஜம் ஐயர் 1872இல் வத்தலக்குண்டில் பிறந்தார். கொடைக்கானல் மலையடிவாரத்துச் சமவெளியில், மஞ்சளாற்றை ஒட்டி அமைந்த அவ்வூர் அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கியது. மணிக்கொடி எழுத்தாளர் பி.எஸ். ராமையாவும், ‘எழுத்து’ இதழை நடத்திய சி.சு. செல்லப்பாவும் இவ்வூரோடு தொடர்புடையவர்கள். ஒரு சிற்றூர் நவீனத் தமிழ் உரைநடைக்கு அளித்த பங்கு அவ்வகையில் பெரிது.

‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் தலைப்பில் ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் 1895 வரை இந்நாவல் தொடராக வந்தது. அப்போது ஆசிரியருக்கு வயது 21 முதல் 23 வரை. 1896இல் சென்னையிலிருந்து தொடங்கப்பட்ட ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில மாத இதழுக்கு அவர் ஆசிரியரானார். வேதாந்தக் கருத்துகளை எளிய கதைகளாகவும் சிந்தனைகளாகவும் திங்கள்தோறும் எழுதினார். 1898இல் தம் 26ஆம் வயதில் மறைந்தார். இளமையிலேயே முடிந்த இவ்வாழ்வின் இரு பணிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது, நாவலின் பிற்பகுதியை அவர் கதையின் போக்கில் வழிதவறி எழுதியதாகக் கருத இயலாது. அது அவர் வாழ்நாள் ஈடுபாட்டின் பகுதி.

அபவாதம்: ஒரு சொல், இரு பொருள்

தலைப்பிலுள்ள ‘அபவாதம்’ என்னும் சொல்லுக்கு வழக்கில் பழிச்சொல், அவதூறு என்பன பொருள். வேதாந்தக் கலைச்சொல்லாக இதற்கு வேறொரு பொருள் உண்டு. கயிற்றின்மேல் பாம்பை ஏற்றிக் காண்பது ஆரோபம். அது பாம்பன்று, கயிறே என ஆராய்ந்து ஏற்றியதை நீக்குவது அபவாதம். தமிழில் வேதாந்தம் பயின்றோர் ‘கைவல்ய நவநீதம்’ வழியாக இவ்விணையை நன்கு அறிந்திருந்தனர்.

நாவலின் நிகழ்வுகள் இவ்விரு பொருளுக்கும் இடம் தருகின்றன. கமலாம்பாளின் ஒழுக்கத்தைப் பற்றிப் பரவும் பொய்ச்சொல் வழக்குப் பொருளில் அபவாதம்; தத்துவப் பொருளில் அதுவே ஆரோபம். இல்லாத ஒன்று ஒரு பெண்ணின்மேல் ஏற்றப்படுகிறது. அதை நீக்கும் ஆராய்ச்சி நிகழ வேண்டும் என்பது தத்துவத்தின் தேவை மட்டுமன்று, கதையின் தேவையும் ஆகும். எனவே வதந்தியை மையமாகக் கொண்ட முற்பகுதியும் ஞானத்தை மையமாகக் கொண்ட பிற்பகுதியும் தொடர்பற்றவை அல்ல. முதற்பகுதி நோய், இரண்டாம் பகுதி அதற்கான மருந்து என்ற உறவு அவற்றிடையே உள்ளது.

கேட்டல்

ஞானப் பயிற்சியின் முதற்படி கேட்டல். ராஜம் ஐயர் படைத்த சிறுகுளம் என்னும் ஊரில் கேட்பதற்குக் குறைவே இல்லை. ஊர்ப்பெண்கள் கூடிப் பிறர் செய்தி பேசும் கூட்டத்திற்கு ஆசிரியர் ‘வம்பர் மகாசபை’ எனப் பெயரிடுகிறார். நாவலின் நகைச்சுவைக்குச் சான்றாக இச்சபை பலராலும் எடுத்துக்காட்டப்பட்டுள்ளது. நகைச்சுவைக்கு அப்பால் அதற்கு ஒரு பணி உண்டு. சொல் எவ்வாறு உருவாகிறது, வாய்க்கு வாய் எவ்வாறு வளர்கிறது, சொன்னவர் எவரென அறியாத நிலையில் எவ்வாறு உண்மையின் தோற்றத்தைப் பெறுகிறது என்பவற்றை அது காட்டுகிறது.

முத்துஸ்வாமி ஐயர் கல்வியும் செல்வமும் உடையவர், மனைவியை நேசிப்பவர். தம்பி குடும்பத்தோடு ஏற்படும் பிளவு, குழந்தை நடராஜனைப் பறிகொடுத்தல், பொருள் இழப்பு எனத் துன்பங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றை ஒருவாறு தாங்கியவர், கமலாம்பாளைப் பற்றிய பழிச்சொல்லைக் கேட்டதும் நிலைகுலைகிறார். பொருளிழப்பு அவர் உடைமையைத்தான் தாக்கியது. பழிச்சொல்லோ அவரது நம்பிக்கையையே தாக்கியது. துன்பத்தைப் பொறுக்கப் பழகியிருந்த அவர், கேட்ட சொல்லை ஆராயப் பழகவில்லை.

சிந்தித்தல் விடுபட்ட இடம்

கேட்டபின் நிகழ வேண்டியது சிந்தித்தல். கேட்டது எத்தகையது, சொன்னவர் யார், இத்தனை ஆண்டு உடன்வாழ்ந்து தாம் அறிந்ததோடு அது பொருந்துமா எனத் தன்னுள் வினவும் நிலை அது. முத்துஸ்வாமி ஐயரிடம் இந்நிலை நிகழவில்லை. கமலாம்பாளிடம் கேட்டுத் தெளியாமலேயே அவர் இல்வாழ்வை உதறுகிறார். பின்னர்ச் சச்சிதானந்த சுவாமிகளின் அருளுரையைக் கேட்டு அமைதி பெறுகிறார்.

இங்கே நாவலின் தருக்கத்தில் ஓர் இடைவெளி உள்ளது. ஒரு சொல்லை நம்பி வீட்டைத் துறந்தவர், மற்றொரு சொல்லை நம்பி அமைதி அடைகிறார். முதற்சொல் பொய், இரண்டாம் சொல் மெய் என்பது வாசகருக்குத் தெரியும். ஆனால் கேட்பவரின் அகத்தில் ஏற்பட்ட மாற்றம் யாது? உலகம் தோற்றமே எனக் கற்றுக்கொண்டவர், தாம் கேட்ட பழியும் தோற்றமே எனத் தாமே ஆராய்ந்து கண்டிருந்தால் அவர் பெற்ற ஞானம் அவர் வாழ்வைத் தொட்டது எனலாம். பழி நீங்குவதோ அவரது ஆராய்ச்சியால் அன்று, நிகழ்ச்சிகளின் போக்கால். பிற்பகுதி வலுவிழந்து தோன்றுவதற்குக் காரணம் அதில் வேதாந்தம் மிகுந்திருப்பதன்று. அவ்வேதாந்தம் கைப்பிடிக்க வேண்டிய ஒரே கயிற்றை, அதாவது அவர் வீட்டிலேயே கிடந்த கயிற்றை, அது தொடாமல் விட்டதே காரணம்.

கமலாம்பாளின் நிலை

கமலாம்பாளுக்கு ஆன்மிக உயர்வை ஆசிரியர் மறுக்கவில்லை. அவளுடைய பொறுமையும் இறைப்பற்றும் மதிப்போடு சித்திரிக்கப்படுகின்றன. நூலின் பெயரும் அவளுடையதே. எனினும் இருவரின் பயிற்சிகளும் ஒத்தவை அல்ல. கணவனுக்குப் பயணமும் குருவும் உரையாடலும் வாய்க்கின்றன. மனைவிக்குக் காத்திருத்தலும் பொறுத்தலும் வாய்க்கின்றன. அவர் தேடுகிறார், அவள் தாங்குகிறாள். அவர் செய்த பிழையின் விலையை அவளே செலுத்துகிறாள். அப்பிழை பிழையாக அவரால் அவளிடம் கணக்கு ஒப்புவிக்கப்படுவதில்லை. பிரிந்தவர் கூடும் முடிவு இக்கணக்கை மூடிவிடுகிறது, தீர்ப்பதில்லை.

இதனை 19ஆம் நூற்றாண்டுச் சமூகத்தின் எல்லை எனக் கூறி அமைதல் எளிது. ஆனால் அபவாதம் ஆபத்துக்கு இடமானது எனத் தலைப்பிலேயே எச்சரித்தவர் ராஜம் ஐயர். அவ்வாபத்து முதலில் யாருக்கு நேர்ந்தது என்ற வினாவை அவர் நூலே எழுப்புகிறது. வெளியிலிருந்து சுமத்தப்படும் அளவுகோல் அன்று இது.

இன்றைய தன்முன்னேற்ற நூல்களோடு ஒப்பீடு

20ஆம் நூற்றாண்டில் இத்துறை தனி நூல்வகையாக வளர்ந்தது. அப்துற் றஹீமின் ‘முன்னேறுவது எப்படி?’, எம்.எஸ். உதயமூர்த்தியின் ‘எண்ணங்கள்’ ஆகியன பரவலாகப் படிக்கப்பட்டவை. இவை தனிமனிதனின் முயற்சி, எண்ணம், மனவுறுதி ஆகியவற்றை முன்னிறுத்துகின்றன. வேதாத்திரி மகரிஷி வகுத்த அகத்தாய்வுப் பயிற்சி சற்று வேறுபட்டது. சினம் தவிர்த்தல் பயிற்சியில், தான் யார்யார்மேல் சினம் கொள்கிறோம், எக்காரணத்தால், அது தக்கதா என ஒருவர் பட்டியலிட்டு ஆராய வேண்டும். தன்னாய்வின் ஏட்டில் பிறருக்கும் இடம் கிடைக்கும் முறை இது.

எனினும் அப்பட்டியலும் தனியே அமர்ந்து எழுதப்படுவதே. பெயர் எழுதப்பட்டவரிடம் சென்று கேட்பது அடுத்த படி. முத்துஸ்வாமி ஐயர் வைக்கத் தவறிய அடி அதுவே. ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட நாவலின் குறை இன்றைய நூல்வகையின் குறையாகவும் தொடர்வதை இவ்வொப்பீடு காட்டுகிறது.

முடிவுரை

கமலாம்பாள் சரித்திரத்தின் இரு பகுதிகளும் கேட்டலைப் பொருளாகக் கொண்டவை. முற்பகுதி ஊராரின் சொல்லைக் கேட்பதையும், பிற்பகுதி குருவின் சொல்லைக் கேட்பதையும் பேசுகின்றன. அவ்வகையில் நாவல் ஒருமை உடையது. இரண்டிற்கும் இடையே நிகழ்ந்திருக்க வேண்டிய சிந்தித்தல் விடுபட்டதே அதன் உண்மையான பிளவு. தன்னை அறிய முயல்வோர் தம்மை மட்டும் ஆராய்ந்தால் போதாது. தாம் நம்பிய சொல்லால் துன்புற்றவரையும் கேட்க வேண்டும். நாவல் இதை நேராகக் கூறவில்லை. ஆனால் பழியின் ஆபத்தை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டியதன் வழியாக, தான் விடுத்த இடத்தை வாசகர் கண்டறிய அதுவே துணைசெய்கிறது. முற்பகுதி, பிற்பகுதி எனப் பிரித்து மதிப்பிடும் போக்கை விடுத்து, கமலாம்பாளிடம் கேட்கப்படாத அக்கேள்வியிலிருந்து நூலை மீண்டும் படிப்பது இனிவரும் ஆய்வுகளுக்குப் பயன் தரும்.