கீழே நிற்பவரின் காது

ஜேம்ஸ் கமரூனின் 'அவதார்' 2009 டிசம்பரில் வெளியானது. அந்த ஆண்டின் மே மாதத்திலிருந்து மீளாத மனதோடுதான் அதை முதலில் பார்த்தேன். அண்மையில் மகளோடு மறுபடியும் பார்த்தபோது, என் கண் நீல மனிதர்களை விட்டு, சாம்சன் என்ற அந்தப் போர்ப் பறப்பு எந்திரத்திலேயே நின்றது.

கதை நடப்பது 2154இல். ஹெலிகொப்டரின் தலைக்கு மேல் சுழலும் பெரிய தகடுகள் சாம்சனுக்கு இல்லை. இருபக்கமும் வளையங்களுக்குள் விசிறிகள். அவற்றைச் சாய்த்துத் திசை பிடிக்கிறது. முழுக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. சுழலிகளை மேல்நோக்கி வைத்து எழும்பி, பின் முன்னோக்கிச் சாய்த்து விமானம்போல் பறக்கும் ஓஸ்பிரே, 2007இல் அமெரிக்க மரைன் படையில் சேவைக்கு வந்தது. வியட்நாம் காலத்து சீ நைட் ஹெலிகொப்டர்களின் இடத்தை அதுதான் பிடித்தது.

எல்லாவற்றையும் மாற்றிய கமரூன் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டார்: திறந்த பக்கக் கதவும், அதில் துப்பாக்கியோடு இருக்கும் ஆளும். அது வியட்நாமின் ஹ்யூயி. பார்வையாளருக்கு அந்தப் போர் நினைவுக்கு வரவேண்டும் என்பதே நோக்கம், வருகிறது. எனக்கு இன்னொன்றும் வந்தது. யாழ்ப்பாணத்தின் மேல் வட்டமிட்ட பெல் 212, ஹ்யூயியின் குடும்பத்தில் பிறந்ததுதான்.

படம் நாவி மக்களின் பக்கம் நிற்கிறது, சந்தேகமில்லை. ஆனால் அவர்களின் பெருமரம் வீழும் காட்சியில் அறம் எங்கே நடக்கிறது? குவாரிச் கோப்பி குடிப்பதும் விமானத்துக்குள். விமானி ட்ரூடி சுட மறுத்துத் திரும்புவதும் விமானத்துக்குள். குற்றமும் மனச்சாட்சியும் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. கீழே இருப்பவர்களுக்கு ஓடுவதும் அழுவதும் மட்டும்.

கொப்போலாவின் 'அபோகலிப்ஸ் நௌ' (1979) இதைவிடச் சிக்கலான படம். அதுவும் அமெரிக்கரின் கதைதான். ஆனாலும் ஹெலிகள் இசையை அலறவிட்டு வரும் அந்தத் தாக்குதலின் நடுவே, படம் திடீரென்று ஒரு கிராமத்துக்குப் போகிறது. அமைதி. பள்ளிக்கூட முற்றம், பிள்ளைகள். பிறகுதான் தூரத்துச் சத்தம். சில கணங்களே என்றாலும், காது கீழே இருப்பவர்களிடம் கொடுக்கப்படுகிறது.

'அவதாரில்' நான் தேடியது அந்தக் கணத்தை. எந்திரம் புதிது, பிரமாண்டம், கண்ணுக்கு விருந்து. ஆனால் அதன் கீழ் வாழ்ந்தவர்களுக்கு அது முதலில் உருவம் அல்ல, சத்தம்.

"வந்து சேரும் வரைக்கும் ஏன் அப்பா பாத்துக்கொண்டு நிக்கினம்?" என்று மகள் கேட்டாள். என் அம்மம்மா உலக்கையை அந்தரத்தில் நிறுத்திக் காது கொடுப்பதை அவளுக்குச் சொன்னேன். எங்களுக்கு எதுவும் கேட்பதற்கு முன்பே, "ஹெலி வருது, பங்கருக்குள்ள ஓடு" என்பா. பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அந்த உலக்கை நின்ற நேரத்துக்கு, 162 நிமிடப் படத்தில் இடம் கிடைக்கவில்லை.