ஸெப்போ: வேஷமற்ற முகம்

மார்க்ஸ் சகோதரர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஸெப்போவிடம் வந்ததும் ஒற்றை வாக்கியத்தில் தாண்டிப் போகிறார்கள். கடைசித் தம்பி, 1929 முதல் 1933 வரை ஐந்து படங்கள், பின் விலகல். இந்தத் தாண்டலில் ஒரு சௌகரியம் இருக்கிறது. க்ரௌச்சோவுக்குச் சாயத்தில் தீட்டிய மீசை. ஹார்ப்போவுக்கு டோப்பாவும் ஊமைத்தனமும். சிக்கோவுக்குக் கூம்புத் தொப்பி, இத்தாலியக் கொச்சை. வேஷம் கண்ணுக்குத் தெரிந்தால் அதைப் பற்றி எழுதிவிடலாம். ஸெப்போவுக்கு இருந்தது அவர் முகம் மட்டும். வேஷம் இல்லாததால் நடிப்பும் இல்லை என்று முடிவு கட்டியாகிவிட்டது.

அந்த இடமும் அவர் தேடியதல்ல. 1918ல் கம்மோ ராணுவத்துக்குப் போக, தாய் மின்னி பதினேழு வயதுப் பையனை அங்கே நிறுத்தினாள். தமையன் கழற்றிப்போட்ட சட்டை.

‘அனிமல் க்ராக்கர்ஸ்’ (1930) படத்தில் வரும் கடிதக் காட்சியை மறுபடி பார்க்க வேண்டும். ஆப்பிரிக்கப் பயணியான க்ரௌச்சோ, காரியதரிசி ஸெப்போவிடம் ஒரு வக்கீல் கம்பெனிக்குக் கடிதம் சொல்கிறார். கம்பெனிப் பெயரில் ஹங்கர்டங்கர் என்பது நான்கு முறை வரும். ஸெப்போ திருப்பிப் படிக்கையில் மூன்றுதான் இருக்கிறது. விட்டுப்போனது முக்கியமான ஹங்கர்டங்கர் என்று க்ரௌச்சோ பதறுகிறார். கடிதத்தின் நடுப்பகுதியும் காணோம். நீங்கள் சொன்னது எனக்கு முக்கியமாகப் படவில்லை, விட்டுவிட்டேன் என்கிறார் ஸெப்போ. குரலில் குறும்பில்லை, கண்சிமிட்டல் இல்லை. ஒரு நல்ல குமாஸ்தாவின் நிதானம். க்ரௌச்சோவின் பேச்சுப் பிரவாகத்தை யாராவது நிறுத்தியிருந்தால் இங்கேதான். எதிர்த்துப் பேசி அல்ல, பணிந்து எழுதிக்கொண்டே. இது க்ரௌச்சோவால் முடியாத நடிப்பு. ஆனால் க்ரௌச்சோவின் நடிப்பு ஸெப்போவுக்கு முடியும்: இதே நாடகம் மேடையேறிய நாட்களில் சிகாகோவில் அண்ணன் குடல்வால் நோயில் படுக்க, அந்த வேஷத்தைத் தம்பி போட்டார்.

எல்லாப் படத்திலும் இப்படி என்று சாதிக்கமாட்டேன். ‘மங்க்கி பிஸினஸ்’ (1931) காதலன் வெறும் மரக்கட்டை.

‘ஹார்ஸ் ஃபெதர்ஸ்’ (1932) படத்தில் ஒரே பாட்டு நால்வரிடமும் வருகிறது. ஸெப்போ நேராகப் பாடுகிறார். மற்றவர்களின் கோணல் அதனால்தான் கோணலாகத் தெரிகிறது. நாயனக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை நாம் வசவாக்கி வைத்திருக்கிறோம். அவர் ஒரு நாள் வராவிட்டால் தெரியும்.

1934ல் ஸெப்போ விலகினார். ஏஜெண்ட் ஆனார், 1941ல் இயந்திரப் பட்டறை தொடங்கினார், சகோதரர்களில் கடைசியாக 1979ல் இறந்தார். அவர் இல்லாத முதல் படம் ‘எ நைட் அட் தி ஓபெரா’ (1935). நல்ல வசூல். காதலன் இடத்தில் ஆலன் ஜோன்ஸ். குரல், அழகு, எல்லாம் உண்டு, குடும்பத்துக்கு வெளியாள். அதுவரை ஒழுங்கான மனிதனும் அந்தப் பைத்தியக்கார வீட்டுப் பிள்ளையாகவே இருந்தான். ஆபீஸுக்குள்ளேயே அராஜகம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இப்போது மூன்று பைத்தியங்களும் ஒரு காதல் ஜோடியைச் சேர்த்துவைக்க ஓடுகின்றன.