டாப்பெட் சத்தமும் டாமின் சிரிப்பும்

நேயர்கள் தொலைபேசியில் அழைத்துக் கார் கோளாறு கேட்கும் அமெரிக்க வானொலி நிகழ்ச்சி ‘கார் டாக்’; இரண்டு சகோதரர்கள் நடத்தினார்கள். அதன் ரசிகர்களில் இரண்டு கட்சி உண்டு. உண்மையான மெக்கானிக் தம்பி ரேதான், அண்ணன் டாம் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தவர் என்பது முதல் கட்சி. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் ‘குட் நியூஸ்’ ஒர்க்‌ஷாப்பைப் பொறுப்பாக நடத்தியது ரே. நிகழ்ச்சியில் சரியான விடையும் பெரும்பாலும் அவர் வாயிலிருந்துதான் வரும். இதையெல்லாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் வருஷக்கணக்கில் கேட்டுக் காது பழகியவர்கள் டாம் மாலியோட்ஸி பக்கம்தான் சாய்வார்கள். வண்டியின் கோளாறைப் பிடித்தது ரே என்றால், வண்டிக்காரர் மறைத்துவைத்ததை வெளியே இழுத்தது டாமின் சிரிப்பு.

அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முதலில் தொண்டையில் ஒரு கனைப்பு. அடக்கப் பார்த்து முடியாமல் ஒரு வெடிப்பு. பிறகு மூச்சு வாங்கும் நீண்ட இழுப்பு; பனிக்காலக் காலையில் முரண்டு பிடித்த பழைய எஞ்சின் திடீரென்று பிடித்துக்கொள்வதுபோல, அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி கிளம்பும். தன் ஜோக்குக்குத் தானே, அதுவும் சொல்லி முடிக்கும் முன்பே சிரிப்பார். மேடை இலக்கணம் பேசுகிறவர்கள் இதைக் குறையென்பார்கள். இருக்கட்டும். அவர் முதலில் சிரித்தது தன்னைப் பார்த்தும் தம்பியைப் பார்த்தும்தான். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்கு அதனாலேயே கூச்சம் விட்டுப்போகும். கிளட்சிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டுவதையும், ஆயில் மாற்ற மறந்ததையும், இதனால் வீட்டில் நடந்த சண்டையையும் ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார்.

அடுத்து அந்தச் சத்தங்கள். எஞ்சின் வால்வைத் தட்டும் டாப்பெட்டின் பெயரால் சகோதரர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பட்டமே ‘க்ளிக் அண்ட் க்ளாக், டாப்பெட் பிரதர்ஸ்’. அழைத்தவர் வண்டியின் சத்தத்தை வாயாலேயே எழுப்பிக் காட்ட வேண்டும். ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது மட்டும் டக்டக் என்றால் சி.வி. ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டும். வேகம் ஏற ஏற ஊளை உயர்ந்தால் வீல் பேரிங். காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சிட்டால் பெல்ட். மெத்தப் படித்தவர்களும் நாட்டுக்கே கேட்கும் வானொலியில் ‘க்ர்ர்’ என்று உறுமிக் காட்டினார்கள். டாம் அதை அப்படியே திருப்பி உறுமுவார். பாதி நோய் பார்க்க, பாதி வேடிக்கைக்கு.

மனிதரின் வாழ்க்கையும் அவர் சிரிப்பைப் போலத்தான், நேர்க்கோட்டில் ஓடவில்லை. 1937இல் கிழக்கு கேம்பிரிட்ஜில் பிறந்தார். எம்.ஐ.டி.யில் படித்து 1958இல் பட்டம் வாங்கி, நல்ல கம்பெனி வேலையிலும் சேர்ந்தார். ஒருநாள் 128ஆம் எண் நெடுஞ்சாலையில் தன் சின்ன எம்.ஜி. காரில் வேலைக்குப் போகும்போது, கண்டெய்னர் லாரி ஒன்று அவரை நசுக்கப் பார்த்தது. உயிர் தப்பியவர் நேராக மேலதிகாரியின் அறைக்குப் போய் வேலையை விட்டார். பிறகு ஹார்வர்ட் ஸ்குவேரில் காப்பி குடித்துக் காலம் போக்கினார். 1973இல் தம்பியோடு ‘ஹேக்கர்ஸ் ஹேவன்’ தொடங்கினார்: இடமும் ஸ்பேனரும் வாடகைக்கு, ரிப்பேர் அவரவர் கையால். லாபம் வரவில்லை, கதைகள் வந்தன. நடுவில் ஒன்பது வருஷம் இழுத்து ஒரு டாக்டர் பட்டமும் முடித்தார். அவர் கையில் அதுவும் ஜோக்குக்குத்தான் உதவியது.

1977இல் பாஸ்டனின் டபிள்யூ.பி.யூ.ஆர். வானொலி சில மெக்கானிக்குகளை ஒரு கலந்துரையாடலுக்கு அழைத்தது. வந்து சேர்ந்தவர் டாம் ஒருவர்தான். மறுவாரம் தம்பியையும் கூட்டிப்போனார். அப்படி வளர்ந்த ‘கார் டாக்’ 1987இல் நாடு முழுக்க ஒலிபரப்பானது. 1992இல் பீபாடி விருது.

ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மாளாத அழைப்பு 1997இல் வந்தது. அழைத்தவர் அரசாங்க வண்டி ஒன்றைப் பற்றிக் குறைபட்டார்: கிளப்பினால் முதல் இரண்டு நிமிஷம் முரட்டுத்தனமாக உதறுகிறது, பிறகு சீராக ஓடுகிறது, அப்புறம் எஞ்சினே நின்றுவிடுகிறது. பேசியவர் விண்வெளி வீரர் ஜான் கிரன்ஸ்ஃபெல்ட். வண்டி அட்லாண்டிஸ் விண்கலம், அப்போது அவர் அதில்தான் இருந்தார்.

இன்றைக்கு வண்டிச் சத்தத்தை வாயால் எழுப்பிக் காட்டும் அந்த உறுமலுக்கு வேலை குறைந்துவிட்டது. அமெரிக்காவில் 1996ஆம் வருஷ மாடல் முதல் எல்லாக் கார்களிலும் கோளாறைக் கண்டறியும் ஓ.பி.டி. இரண்டாம் தலைமுறைச் செருகுவாய் கட்டாயம்; ஸ்கேனரைச் செருகினால் எண் வரும், எண்ணுக்கேற்ற பாகத்தைக் கழற்றுகிறார்கள். ஸ்கேனர் இல்லாமல் இன்றைய வண்டியைத் தொட முடியாது, சரி. ஆனால் எந்த வேகத்தில், எந்தத் திருப்பத்தில், கூட யார் இருந்தார்கள் என்று கேட்க யாருக்கும் பொறுமையில்லை. காணொளி மெக்கானிக்குகளில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சிரிப்புதான் வெட்டி ஒட்டியதாக, அளவாக வருகிறது.

டாம் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், இரண்டு முறை மணமுடித்தவர். சொந்த மணவாழ்க்கையையும் நிகழ்ச்சியில் கேலிக்குத் தப்ப விட்டதில்லை. பிள்ளைக்கு முதல் கார் வாங்கப்போகும் பெற்றோர் அழைத்தால் மட்டும் பேச்சில் தகப்பன் எட்டிப் பார்ப்பார். ஓட்டும்போது போன் பேசாதே என்று சகோதரர்கள் பம்பர் ஸ்டிக்கர் அடித்துப் பிரசாரம் செய்ததும் உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சியும் ‘என் அண்ணனைப் போல ஓட்டாதீர்கள்’, ‘என் தம்பியைப் போல ஓட்டாதீர்கள்’ என்றுதான் முடியும்.

2012 அக்டோபரோடு புதிய பதிவுகள் நின்றன. 2014 நவம்பர் 3ஆம் தேதி, 77 வயதில், அல்சைமர் நோயின் சிக்கல்களால் டாம் இறந்தார். நிகழ்ச்சியில் வாராவாரம் ஒரு புதிர் போடுவார்கள்; போன வாரப் புதிர் என்னவென்றே ஞாபகமில்லை என்பது டாமின் நிரந்தர ஜோக். அது விளையாட்டில்லை, நிஜமாகவே ஞாபகமில்லாமல்தான் இருந்திருக்கிறது என்றார் ரே. அண்ணன் கேட்டிருந்தால் முதலில் சிரித்திருப்பார். பூ அனுப்ப வேண்டாம், அந்தக் காசை உங்கள் ஊர்ப் பொது வானொலிக்கோ அல்சைமர் சங்கத்துக்கோ கொடுங்கள் என்று குடும்பம் கேட்டுக்கொண்டது. பழைய பதிவுகளின் ஒலிபரப்பு தொடரட்டும் என்று ரே விரும்பினார், தொடர்ந்தது.