எழுத்துருப் பெயரின் முன்னொட்டு

அடைமொழி இருவகைப்படும். செந்தாமரை என்புழி அடை, வெண்டாமரையாகிய இனத்தை விலக்கி நின்றது. செஞ்ஞாயிறு என்புழி விலக்குதற்கு இனமில்லை. கணினியில் வழங்கும் எழுத்துருக்களின் பெயர்முன் நிற்கும் ஈரெழுத்தும் மூவெழுத்தும் இவற்றுள் எவ்வகையின என்பது ஆராயற்பாலது. கரமொண்ட் என்னும் பெயரொன்றே இதற்குத் தக்க சான்றாகும்.

கிளோட் கரமொண்ட் பாரிசு நகரில் அச்செழுத்து வெட்டி, 1561 இல் மறைந்தவர். அவர் பெயர் நாளடைவில் எவர்க்கும் பொதுவாயிற்று. அமெரிக்க நாட்டில் எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை இல்லை. பெயரையே வணிகக் குறியாகப் பதிவு செய்யலாம். ஆகவே, பொதுப்பெயரைத் தமதாக்க விரும்பிய நிறுவனத்தார் தம் பெயரின் முதலெழுத்துக்களை அதன்முன் வைத்தனர். 1970 இல் நியூயோர்க்கில் தோன்றிய இன்ரர்நாஷனல் ரைப்பேஸ் கோப்பரேசன், 1975 இல் ஐ. ரி. சி. கரமொண்டை வெளியிட்டது. 1990 இல் தொடங்கிய பொன்ற்பொன்ற் வரிசையின் எவ். எவ். என்பதும் இவ்வாறு பிறந்ததே.

வணிகத்திற் பிறந்ததாயினும் இவ்வடை வீணன்று. ஐ. ரி. சி. கரமொண்டின் சிற்றெழுத்துக்கள் உயரம் மிக்கன. 1989 இல் றொபேட் சிலிம்பாக் வரைந்த அடோபி கரமொண்டோ பழைய அளவைப் போற்றுவது. முன்னொட்டு இன்றேல் இவ்விரண்டும் ஒன்றென மயங்கும். எனவே இஃது இனமுள்ள அடையேயாம்.

எனினும், இதன்கண் ஒரு குறையுண்டு. விற்றவர் யார் என்பதை முன்னொட்டு கூறும். வெட்டியவர் யார் என்பதைக் கூறாது. மொனோரைப் கரமொண்டின் மூலம் கரமொண்டின் எழுத்தன்று. அவருக்குப் பின் செடான் நகரில் வாழ்ந்த ஜோன் ஜனோன் என்பாரது எழுத்தாகும். பியற்றிஸ் வோட் அம்மையார் போல் போஜன் என்னும் புனைபெயரில் 1926 இல் இதனை நிறுவினார். ஆயினும் பெயர் மாறிற்றில்லை. ஈண்டு அடை மெய்யுரைக்க, பெயர் பொய்யுரைக்கின்றது. உழைத்தவனுக்குரிய புகழ் பிறன்பாற் சென்றது.

இதற்கு மாறாக அமைந்தது ஈ. பி. கரமொண்ட். இவ்விரண்டெழுத்தும் விற்பனையாளரைச் சுட்டுவன அல்ல. 1592 இல் பிராங்போட்டில் அச்சிடப்பட்ட எகெனொல்ப் – பேர்னர் மாதிரித் தாளைச் சுட்டுவன. மூலம் யாதென வினவுவார்க்குப் பெயரே விடை பகர்கின்றது. உடைமை கூறும் அடையினும் வழிமுறை கூறும் அடையே சிறந்தது என்பது இதனாற் பெறப்படும்.