முந்நூறும் நானூறும்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். வீதியால் போனால் 400ஐத் தொடும். சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழித் தூரம் 420 அளவில், தரைவழியாக 460. அங்கே வீதி கூடுதலாகக் கேட்பது பத்தில் ஒரு பங்கு, இங்கே மூன்றில் ஒரு பங்கு. எவ்வளவு தூரம் என்று கேட்டால் இரு நாட்டிலும் ஏதாவதோர் எண்ணைச் சொல்லி விடுகிறோம். நேர்கோட்டுத் தூரம், வீதித் தூரம் இரண்டையும் அருகருகே வைத்து, நடுவிலுள்ள வித்தியாசத்துக்குக் காரணம் கேட்பதே பயனுள்ளது என்பது என் எண்ணம். ஒரு நாட்டில் வீதி யார் வசதிக்காக, எந்த ஊரை மையமாக வைத்துப் போடப்பட்டது என்பது அந்த வித்தியாசத்தில்தான் தெரிகிறது.

சென்னையிலிருந்து திண்டிவனம், விழுப்புரம், திருச்சி என்று இறங்கும் நெடுஞ்சாலை சமவெளியில் நேர்கோட்டை ஒட்டியே மதுரைக்குப் போகிறது. யாழ்ப்பாண வீதிக்கும் பெரிய மலைத் தடை இல்லை. வவுனியாவுக்கு வடக்கே நிலம் தட்டையானதுதான். ஆனால் 321 கிலோமீற்றர் நீளமான ஏ9 வீதி தொடங்குவது கண்டியில். கொழும்பிலிருந்து வருபவர் தம்புள்ளைப் பக்கமாகவோ, புத்தளம், அனுராதபுரம் வழியாகவோ கிழக்கே வளைந்து அதில் ஏறவேண்டும். நேர்கோடோ மேற்குக் கரையோரமாக மன்னார்ப் பக்கம் போகிறது. அப்படியானால் புத்தளத்திலிருந்து மன்னாருக்கு நேரே வீதி போட்டுவிடலாமே என்று கேட்கலாம். அந்தத் தடம் வில்பத்து தேசிய வனத்தை ஊடறுக்கிறது. யானையும் சிறுத்தையும் வாழும் காட்டைக் காக்க வளைந்து போவதில் தவறே இல்லை. வித்தியாசம் எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லவில்லை. எது தக்க காரணத்தால் நிற்கிறது, எது பழைய நிர்வாகப் பழக்கத்தால் நிற்கிறது என்று பிரித்தறியவே சொல்கிறேன்.

இன்று தூரத்தை யார் பார்க்கிறார்கள், நேரம்தானே கணக்கு என்பார்கள். கொரோனா முடக்கத்துக்குப் பின் 2020 மே மாதம் உள்நாட்டு விமானங்கள் மீண்டும் பறந்தபோது இந்திய அரசே கட்டண வரம்புகளைப் பறக்கும் நேரத்தை வைத்துத்தான் வகுத்தது. பயணிக்கு அது சரி. வெங்காய மூட்டைக்குச் சரிவராது. யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயத்தை ஏற்றிய லொறி இரவில் விரைவாகப் போனாலும் மேலதிக நூறு கிலோமீற்றருக்கும் டீசல் எரித்தே தீரவேண்டும்; அந்தச் செலவு விவசாயிக்கோ வாங்குபவருக்கோ வந்து சேர்கிறது.

நேரக் கணக்கு மறைத்துவிடும் இன்னொன்றும் உண்டு. 2006 ஓகஸ்ட்டில் உள்நாட்டுப் போரால் ஏ9 மூடப்பட்டபோது நேர்கோடு அதே 300தான். தரைவழியோ இல்லாமலே போயிற்று. திருகோணமலைக்குக் கப்பல், அல்லது விமானம் என்று போர் முடியும்வரை யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் அல்லாடினார்கள். யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் இடையிலான கதை இதைவிட நீண்டது. நேர்கோட்டில் 380 கிலோமீற்றர், கொழும்பு வீதியை விடக் குறைவு. 1947 டிசம்பரில் எயார் சிலோன் விமான நிறுவனம் தன் முதல் சேவையைக் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கே நடத்தியது. பின்னாளில் அந்த வழி அடைபட்டது. யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு மீண்டும் விமானம் கிளம்பியது 2019 நவம்பரில். இடைப்பட்ட பல பத்தாண்டுகள், வடக்கே போகவேண்டியவர் முதலில் தெற்கே 400 கிலோமீற்றர் கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்து 680 கிலோமீற்றர் வடக்கே பறந்தார்.