ஸ்ட்ராபெரி பறித்த அரைமணி நேரம்

ஆங்கில உரைநடையின் அழகு என்றாலே உவமை, சிலேடை, முரண் என்று பட்டியல் போடுவார்கள். எனக்குப் பிடித்த உத்தியில் அலங்காரமே கிடையாது. கதைசொல்லியின் குரலுக்குள் பாத்திரத்தின் குரல் ஓசைப்படாமல் நுழைந்துவிடும், அவ்வளவுதான். பள்ளியில் படித்த நேர்கூற்று, அயற்கூற்று இரண்டிலும் இது அடங்காது. ‘என்று அவள் நினைத்தாள்’ என்ற குறிப்பே இருக்காது. நினைப்பது என்னவோ அவள்தான். இந்த உத்தியை முதலில் கையாண்ட பெருமையைப் பிரெஞ்சு நாவலாசிரியர் ஃப்ளாபேருக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அவருடைய ‘மதாம் பொவாரி’ நூலாக வந்தது 1857இல். ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’ 1815 டிசம்பரிலேயே வந்துவிட்டது.

நாவலின் நாயகி எம்மா, பாதிரியார் எல்டன் தன் தோழி ஹாரியட்மேல் மயங்கிக் கிடக்கிறார் என்று முடிவு கட்டுகிறாள். அந்தத் தப்புக் கணக்கை ஆஸ்டின் தன் வாக்கியம் போலவே எழுதிக்கொண்டு போகிறார். முதல் வாசிப்பில் நாமும் சேர்ந்து ஏமாறுகிறோம்.

இதே கைவேலையின் உச்சம் டான்வெல் தோட்டத்து ஸ்ட்ராபெரிக் காட்சி. எல்டனை மணந்து ஊருக்கு வந்திருக்கும் திருமதி எல்டன் பெரிய தொப்பியும் கூடையுமாகப் பழம் பறிக்கிறாள். வாய் ஓயவில்லை. அந்த அரைமணி நேரப் பேச்சை ஆஸ்டின் ஒரே பத்தியில் அடக்குகிறார். மேற்கோள் குறி இருக்கிறது, உள்ளே முழு வாக்கியம் அநேகமாக இல்லை. இடைக்கோடுகளுக்கு நடுவே துண்டு துண்டாகச் சொற்கள். இங்கிலாந்திலேயே இதுபோல் பழம் உண்டா என்று ஆரம்பம். பிறகு எந்த ரகம் உசத்தி, லண்டனில் என்ன விலை. நடுவில், கேட்காமலே, அக்காள் வீடான மேப்பிள் குரோவின் பெருமை. அப்புறம் சுருதி இறங்குகிறது. நிறையத் தின்ன முடியாதாம், செர்ரியே மேலாம், குனிய வேண்டியிருக்கிறதாம், வெயில் தாங்கவில்லையாம், நிழல் வேண்டுமாம்.

‘அலட்டல்காரி’ என்று ஆஸ்டின் அந்தப் பத்தியில் எங்கும் சொல்லவில்லை. வினைச்சொற்களைப் பிடுங்கிவிட்டு நகர்ந்துகொண்டார். பிறரைக் கேலி செய்து எழுதுகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த அடக்கம் வரும்?



நாவல் முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் 42ஆம் அத்தியாயத்தை மட்டுமாவது எடுத்து, அந்தப் பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். கடைசித் துண்டுக்கு வரும்போது உங்களுக்கே மூச்சு வாங்கும்.